வடக்குச் சுவரில் ஓட்டை இல்லை

வீட்டைக் காணவில்லை.

குதிரை காணாமல் போகும், பிக்கப் வண்டி காணாமல் போகும், சம்பளம் வாங்கிய அன்றைக்குப் புருஷன்கள் காணாமல் போவார்கள். பதினைந்து வருஷம் நவஹோ பழங்குடிப் போலீஸிலும், அதற்குப் பிறகு ஏழு வருஷம் தனியாளாகத் துப்பறிந்தும் காலம் தள்ளிய டெல்ஃபின் டோஹானிக்கு இதெல்லாம் பழக்கம்தான். முழங்கை நீளத்துக்குத் தடித்த சுவர்களோடு ஒரு கல்வீடே களவு போன வழக்கு மட்டும் இதுதான் முதல்.

மேட்டின் மேல் அஸ்திவாரக் கோடு தெரிந்தது. கிழக்குப் பார்த்த வாசலின் படிக்கல் இருந்த பள்ளம் தெரிந்தது. இடுப்பு உயரத்துக்கு வடக்குச் சுவர் மட்டும் தனியாக நின்றது. மற்ற மூன்று சுவர்களும் இருந்த இடத்தில் புல் முளைத்திருந்தது.

"கல்லுக்கெல்லாம் போரடிச்சுப் போச்சு. லாஸ் வேகாஸ் பார்க்கக் கிளம்பிடுச்சு" என்றான் லீலண்ட், ஐம்பதடி தள்ளி பிக்கப்பில் சாய்ந்தபடி. அவன் கையில் பொரித்த ரொட்டி இருந்தது. அந்த மேட்டில் கால் வைக்க மாட்டேன் என்று வரும்போதே சொல்லிவிட்டான்.

"பயமா?"

"எனக்கென்ன பயம். வண்டி தனியா இருந்தா பயப்படும். அதுக்குத் துணையா நிக்கிறேன்."

லீலண்ட் அவளுடைய அத்தை மகன். அத்தை மகனும் மாமன் மகளும் ஒருவரை ஒருவர் கிண்டலடித்துக்கொள்ளாமல் இருந்தால்தான், தங்களைத் தினே என்று சொல்லிக்கொள்ளும் நவஹோ ஜனங்கள், என்ன சண்டையோ என்று விசாரிப்பார்கள். அதனால் டெல்ஃபின் அவனுக்குக் கொடுத்த வேலை வண்டி ஓட்டுவது. அவனாக எடுத்துக்கொண்ட வேலை வாய் ஓட்டுவது.

அவன் தள்ளி நின்றதற்குக் காரணம் உண்டு. அந்த வீட்டைக் கட்டியவர் மூன்றாம் எண் யுரேனியச் சுரங்கத்தில் எட்டு வருஷம் வெட்டியவர். நுரையீரல் போய், எழுபத்தொன்பதாம் வருஷம் இங்கேதான் கண்ணை மூடினார் என்று ஊரே சொன்னது. செத்தவர் பேரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. டெல்ஃபினும் கோப்பில் அந்தப் பேரைக் கண்ணால் மட்டும் படித்தாள். சாவு விழுந்த வீட்டுக்குப் பக்கத்தில் நிற்பதே தப்பு. அதிலிருந்து ஒரு குச்சியைக்கூட அடுப்பெரிக்க எடுக்க மாட்டார்கள்.

அதனால்தான் மூன்று வாரமாக அவள் வெளியாளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வழக்கு ஆர்லிண்டா பிட்சில்லியுடையது. முப்பது வயது, பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. புருஷன் நெப்ராஸ்காவில் ரயில் தண்டவாளம் போடும் கோஷ்டியில் இருந்தான். மாதம் ஒருமுறை வருவான். மூத்த பையன் போன வருஷம் சிறுநீரகம் கெட்டு இறந்துவிட்டான். இப்போது ஐந்து வயது ஷாண்டீனுக்கும் அதே வீக்கம், அதே களைப்பு. குழந்தையின் சிறுநீரில் யுரேனியம் இருக்கிறது, மாதாமாதம் ஏறுகிறது என்றார் டாக்டர். தண்ணீர் வழியாகவோ தூசி வழியாகவோ தினமும் உள்ளே போகிறது. எது என்று கண்டுபிடித்துக் குழந்தையை அதிலிருந்து விலக்கினால் மிச்சமிருக்கும் சிறுநீரகம் தப்பும், இல்லாவிட்டால் அடுத்த கோடையைத் தாண்டாது என்று சொல்லியிருந்தார்.

தண்ணீர் காரணம் இல்லை. அதை ஆர்லிண்டா நாற்பது மைல் தள்ளி டவுன் குழாயில் பீப்பாய் பிடித்துக் கொண்டுவந்தாள். வீடும் புது வீடு, சிமெண்ட் கட்டிச் சுவர். கதிர்வீச்சை அளக்கும் பெட்டியோடு வந்தவர்கள் அவள் வேலைக்குப் போயிருந்தபோது வெளியே ஒரு சுற்று நடந்து, பூட்டிய கதவைப் பார்த்து, 'பரவாயில்லை' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். டெல்ஃபினுக்கு அந்தப் 'பரவாயில்லை' மேல் சந்தேகம். என்னவென்று தெரிகிறவரை குழந்தையை வேறு எங்காவது வை என்று சொல்லி, இடத்தையும் அவளே பார்த்துக் கொடுத்தாள். ஆர்லிண்டாவின் நாத்தனார் கார்மெலிட்டா வீடு. நன்றாகப் பூசிய, ரோஸ் வண்ணம் அடித்த வீடு. சுரங்கக் கல்லில் கட்டிய வீடுகளின் பட்டியலில் அது இல்லை. குழந்தை அங்கே போய்ப் பதினோரு நாள் ஆகிறது.

அந்தப் பட்டியலில் பதினாலாம் எண்தான் இந்த வீடு. ஆர்லிண்டாவின் மாமனார் வீடு. மிச்சமிருந்த சுவரில் பெட்டி வைத்துப் பார்த்து, வந்த அளவைச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரே வார்த்தை: 'இடிந்தது'.

இடிந்தால் கல் கீழே கிடக்க வேண்டும். கீழே ஒரு கல் இல்லை. அந்தக் கல் போன இடம் தெரிந்தால் குழந்தைக்குள் போகும் விஷம் வரும் இடமும் தெரியலாம் என்று நினைத்தாள் டெல்ஃபின்.

எவனோ வெளியூர் காண்டிராக்டர் ராத்திரியோடு ராத்திரியாக அள்ளிப்போய்ப் பணக்காரன் தோட்டத்தில் பதித்திருக்கிறான் என்பது லீலண்டின் கட்சி. அவனுக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. ஒரு தடவையாவது அந்தச் சரக்கு, தோண்டச் சொன்னவர்கள் பக்கமே திரும்பப் போகட்டுமே என்றான்.

டெல்ஃபின் வடக்குச் சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தாள். எட்டு தப்படி. திரும்பவும் நடந்தாள். இந்தத் தடவை கையுறை போட்ட கையால் சுவரைத் தடவிக்கொண்டே போனாள். பிறகு அங்கேயே நின்றுவிட்டாள்.

"லீலண்ட், வடக்குச் சுவருல ஓட்டை இல்லை."

மெல்லுவது நின்றது. "நல்லாப் பாரு."

"தடவியே பார்த்துட்டேன். உடைச்சு மறுபடி அடைச்ச தடயமும் இல்லை. கட்டினது கட்டினபடி இருக்கு."

உள்ளே உயிர் போனால் உடலை வாசல் வழியாக எடுக்க மாட்டார்கள். வடக்குச் சுவரை உடைத்து அந்த வழியாகத்தான் எடுப்பார்கள். பிறகு அந்த வீடு அப்படியே விடப்படும். அந்த ஓட்டையைப் பார்த்தால் வழிப்போக்கன்கூட ஒதுங்கிப் போய்விடுவான். இத்தனை வருஷமாக ஊர் ஒதுங்கிப் போன இந்த வீட்டில் அந்த ஓட்டை இல்லை.

"அப்ப அவர் உள்ள சாகலை" என்றான் லீலண்ட், மெதுவாக.

"சாகலை."

"எல்லாரும் சொன்னாங்களே?"

"எல்லாரும்னா யாரு? ஆர்லிண்டாவுக்கு அப்ப ஒரு வயசு. அவ புருஷனுக்கு எட்டு. செத்தவங்களைப் பத்தி யார்கிட்ட யார் கேட்டா? நீ கேட்டியா, நான் கேட்டேனா?"

அவன் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி வண்டிக்குள் வைத்தான். மேட்டை நோக்கி நாலடி வந்தான். அதற்குமேல் அவனுடைய கால்கள் சம்மதிக்கவில்லை.

டெல்ஃபின் சுவருக்கு மறுபுறம் குனிந்தாள். அங்கே ஆட்டுப்புழுக்கை. பழசும் இருந்தது, இந்த வசந்தத்துப் புழுக்கையும் இருந்தது. சுவரை ஒரு பக்கமாக வைத்து மற்ற மூன்று பக்கமும் கம்பு நட்டுக் குட்டி போடும் ஆடுகளுக்குப் பட்டி கட்டியிருந்தார்கள். சாவு விழுந்த வீட்டுச் சுவரில் ஆட்டுக்குட்டியைச் சாய்த்து வளர்க்க எந்த தினேயும் துணிய மாட்டான். இந்தப் பட்டியைக் கட்டியவனுக்கு உண்மை தெரியும்.

கம்புகளை மெல்லிய செப்புக் கம்பியால் இறுக்கியிருந்தார்கள். சிவப்பு உறை ஒன்று, மஞ்சள் உறை ஒன்று, இரண்டையும் முறுக்கிய ஜோடி. அவள் ஒரு துண்டை அவிழ்த்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"இது என்ன சொல்லு."

"கல்யாணத்துக்குத் தோரணம் கட்டறது."

"வெடி வைக்கிற கம்பி. தோட்டாவுல இருந்து வர்றது. சுரங்கத்துக்குள்ள வெடி வெச்சவன்தான் இதை வீட்டுக்கு எடுத்துட்டு வந்திருப்பான். இத்தனை வருஷம் கழிச்சும் பத்திரமா வெச்சிருக்கான்னா அவனும் மூணாம் நம்பர்ல வேலை பார்த்தவன்."

"அந்த ஷிப்டுல எத்தனை பேரு?"

"பதினோரு பேர்."

"அதுல உயிரோட?"

"ஒருத்தர்."

"மாமன் மகளே, இதை விடச் சுலபமான கேஸ் உனக்கு ஜென்மத்துக்கும் கிடைக்காது" என்றான் லீலண்ட். அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

*

உட்ரோ சால்ட்டின் வீடு இரண்டு மைல் கீழே இருந்தது. வாசலுக்கு எதிரே வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். போய்க் கதவைத் தட்டுவது வங்கிக்காரனுடைய பழக்கம். வந்திருப்பது யார் என்று பார்த்து, பேச இஷ்டம் இருந்தால் அவரே வெளியே வருவார். கால் மணி நேரம் கழித்து வந்தார். மூக்கில் குழாய், பின்னால் சக்கரம் வைத்த ஆக்ஸிஜன் உருளை. உருளைக்கு யாரோ குதிரைச் சேணத்துக் குஞ்சம் கட்டிவிட்டிருந்தார்கள். வெயில் விழுந்த பக்கம் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

டெல்ஃபின் தன் தாய்க்குலம் எது, தந்தைக்குலம் எது என்று முறைப்படி சொன்னாள். கணக்குப் போட்டதில் அவர் அவளுக்குப் பெரியப்பா முறை ஆனார். காப்பி வந்தது. வரப்போகும் பனியைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அவள் மேட்டு வீட்டைப் பற்றி ஆரம்பித்ததும் அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். போனவர்களைப் பற்றி நான் பேசுவதில்லை, நீயும் பேசாதே என்று சொல்லிவிட்டார். அதோடு பேச்சு முடிந்துபோனது.

வீட்டுக்குப் பின்னால் டயர் இல்லாத ஒரு பச்சை லாரி கற்களின் மேல் நின்றிருந்தது. டெல்ஃபின் அதைப் பார்த்தாள்.

"வண்டி உயிரோடதானே இருக்கு? அதைப் பத்திப் பேசலாமா, பெரியப்பா?"

கிழவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். வாயோரத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

"ஐம்பத்தேழாம் வருஷத்து வண்டி. கம்பெனிக்காரன் சுரங்கத்தை மூடிட்டுப் போறப்ப விட்டுட்டுப் போனான். அவன் விட்டுட்டுப் போனதுல அது ஒண்ணுதான் உருப்படி."

லாரியைப் பற்றி அவர் பேச ஆரம்பித்ததும் மூச்சுக்குழாய்கூட நன்றாக வேலை செய்ததுபோல் இருந்தது. எந்தக் கியர் நழுவும், எந்தச் சேற்றில் மாட்டி எத்தனை குதிரை கட்டி இழுத்தார்கள், எல்லாம் சொன்னார். டெல்ஃபின் பேச்சில் அந்த வண்டியோடேயே மேட்டுக்கு ஏறினாள். அது சுமந்ததிலேயே கனமான சரக்கு எது என்று கேட்டாள்.

"கல்லுதான். எண்பத்தாறுல. நல்ல கல்லு, மகளே. உளியே வேண்டாம். வெடி வெட்டின கல்லு, ஒரு பக்கம் மேசை மாதிரி தட்டையா இருக்கும். மேட்டு வீட்டு அம்மா வீட்டைக் காலி பண்ணி மக கூடப் போனாங்க. கல்லை எல்லாம் சொந்தக்காரங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கச் சொன்னாங்க. பதினஞ்சு லோடுக்கு மேல அடிச்சேன். டீசலுக்குக்கூட யார்கிட்டயும் கை நீட்டலை."

வெளியாளும் இல்லை, களவும் இல்லை. டெல்ஃபின் நோட்டை எடுத்தாள். எழுதலாமா என்று கேட்டுக்கொண்டாள்.

கிழவர் விரலை நீட்டவில்லை. உதட்டைக் குவித்துத் திசை காட்டினார். பாறைக்குப் பின்னால் ஒரு வீட்டுக்கு இரண்டு லோடு. ஓடைக்கு அந்தப் பக்கம் இரண்டு. இடையனின் குளிர்காலக் குடிலுக்கு ஒன்று. கடைசி மகனுக்கு அப்போது பதினைந்து வயதுதான். அவன் பங்கு ஒரு லோடை அம்மாவே ஒதுக்கி வைத்தாள், பிறகு அவன் கல்யாணமாகி சிமெண்ட் கட்டி வீடு கட்டியபோது அதைத் தரைக்கு அடியில் போட்டு, சுரங்கத்து மணலையே கலந்து பூசிவிட்டான். டெல்ஃபின் நிமிர்ந்தாள். கடைசி மகன் என்றால் ஆர்லிண்டாவின் புருஷன். அவளுடைய சந்தேகம் சரிதான். குழந்தையை அங்கிருந்து எடுத்தது நல்லதாகப் போயிற்று என்று ஒரு நொடி நினைத்தாள்.

"மேற்கால உங்க அப்பனுக்கு மூணு லோடு."

அவள் அதையும் எழுதினாள். இப்போது அவள் குடியிருக்கும் வீடு அதுதான். எழுத்து கோணவில்லை.

"இதோ நிக்கிறானே, இவன் அம்மாவுக்கு அரை லோடு. இன்னும் எடுத்துக்கோன்னா வேண்டாம், சமையல்கட்டுத் தரைக்கு மட்டும் போதும்னுட்டா. அவ எதுலயும் அப்படித்தான்."

லீலண்ட் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். அவன் அம்மா, டெல்ஃபினின் அத்தை, இரண்டு வருஷத்துக்கு முன்னால் வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள்தான், திரும்பி வரவில்லை.

"மொதல் நாலு லோடு யாருக்குப் போச்சுன்னு நீ கேக்கலையே" என்றார் கிழவர். "மூத்த மகளுக்கு. அதான் முறை. தரை, சுவரு எல்லாம் அந்தக் கல்லுதான். அவ புருஷன் அதுமேல பூசி ரோஸ் கலர் அடிச்சிட்டான். இப்பப் பார்த்தா கல்லுவீடுன்னே தெரியாது."

பென்சில் நின்றது.

ரோஸ் வண்ணம். மூத்த மகள். கார்மெலிட்டா. பட்டியலில் அந்த வீடு இல்லாமல் போனதற்குக் காரணம் பூச்சு. குழந்தையை ஒரு லோடு வீட்டிலிருந்து எடுத்து நாலு லோடு வீட்டில் வைத்திருந்தாள் டெல்ஃபின். பதினோரு நாளாக.

அவள் எழுந்துவிட்டாள். கிழவர் அவள் முகத்தைப் பார்த்து வேறு எதையோ புரிந்துகொண்டார். நீ கேட்க நினைத்ததைக் கேட்காமலே இருந்தாய், அதனால் ஒரு தடவை சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். கண் அவள் மேல் இல்லை.

"விடியறதுக்கு முன்னாடி நாலு பேர் கம்பளியோட தூக்கி வெளியே கொண்டுபோனோம். ஜூனிபர் மரத்தடிக்கு. அவரே கேட்டார். என் உயிர் உள்ள போனா வீடு வீணாயிடும், பிள்ளைங்களுக்கு ஒரு கல்லுகூட ஆகாதுன்னார். வெயில் வந்தப்ப அவர் இல்லை. வீடு நல்லா இருந்துச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஏன் மகளே, யாருக்காவது கல்லு வேணுமா? அந்த வடக்குச் சுவரு இன்னும் இருக்கு. நான் குட்டிகளுக்காக விட்டு வெச்சேன்."

சொல்லாமல் போகலாம் என்றுகூட டெல்ஃபினுக்குத் தோன்றியது. ஆனால் அடுத்த வசந்தத்திலும் அங்கே ஆடு குட்டி போடும்.

"அங்க ஆடு கட்டாதீங்க, பெரியப்பா. அந்தக் கல்லுல அதேதான் இருக்கு. சுரங்கத்துல இருந்தது."

அவர் கையைத் தூக்கி மூக்குக் குழாயைச் சரிசெய்தார். சுரங்கத்துக்குள்ளே இறங்கினவனுக்குத்தான் நோய் வரும், கல் என்ன செய்யும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள் என்றார். பிறகு உதடு மட்டும் அசைந்தது. பாறைக்குப் பின்னால், ஓடைக்கு அந்தப் பக்கம், மேற்கே. முன்பு காட்டிய அதே வரிசையில் ஒவ்வொரு வீடாகத் திசை காட்டிக்கொண்டு போனார். இந்தத் தடவை அவர் லோடு எண்ணவில்லை.

*

கார்மெலிட்டா வீட்டுக்கு இருபது நிமிஷம். லீலண்ட் வேகத்தைக் குறைக்கவே இல்லை. ஒரு வளைவில், அம்மாவைப் பார்த்த டாக்டர் அன்னிக்கு வீட்டுல ஏதாவது பழைய சாமான் இருக்கான்னு கேட்டாங்க, நான் டிவியைச் சொன்னேன் என்றான்.

கார்மெலிட்டா வீட்டு வாசலில் அவர்கள் உட்கார்ந்து காத்திருக்கவில்லை. டெல்ஃபின் நேராகக் கதவைத் திறந்துகொண்டு போனதே கார்மெலிட்டாவுக்கு முதல் அதிர்ச்சி.

உள்ளே ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமை என்பதால் ஆர்லிண்டா மகளைப் பார்க்க வந்திருந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் ஆட்டுத்தோலை விரித்து ஷாண்டீன் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். தரையின் பூச்சு அங்கங்கே பெயர்ந்து பொடிந்திருந்தது. அந்தப் பொடியைக் குழந்தை விரலால் கூட்டி வைத்து, அதில் ஒரு குதிரை செய்திருந்தாள். வீட்டிலேயே அதுதான் கதகதப்பான இடம் என்று அங்கே படுக்கை போட்டதாகக் கார்மெலிட்டா பெருமையாகச் சொன்னாள்.

டெல்ஃபின் நின்றபடியே சொன்னாள். வடக்குச் சுவர், லாரி, லோடுகள். மரத்தடியில் என்ன நடந்தது என்பதையும் பேர் சொல்லாமல் சொன்னாள்.

கார்மெலிட்டா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "எங்க அப்பா எங்களுக்கு விஷம் வெச்சார்னு சொல்ல வர்றியா?"

"அப்படிச் சொல்லலை."

"வீடு எங்களுக்கு ஆகணும்னு குளிர்ல வெளியே கிடந்து செத்தாரு. அதைத்தானே இப்ப சொன்ன? அப்புறம் என்ன பேசற நீ?"

டெல்ஃபின் போலீஸில் இருந்தபோது குற்றவாளி என்று ஒருவன் கடைசியில் கிடைத்துவிடுவான். இங்கே தேடிப் போன இடத்தில் கிடைத்தவர் ஒரு தகப்பன்.

ஆர்லிண்டா குழந்தையைத் தரையிலிருந்து தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் குரலே உயரவில்லை. "இங்க விடச் சொன்னது நீங்கதானேக்கா?"

"ஆமாம். நான்தான்."

ஆர்லிண்டா தலையசைத்தாள். சட்டையின் நுனியால் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். நகக்கண்ணைத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

டெல்ஃபின் வெளியே போய், சிக்னல் கிடைக்கும் திட்டில் ஏறி நின்று, அளவெடுக்கும் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அங்கிருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள். பட்டியலில் இல்லாத வீடுகளை அடுத்த பட்டியலில் சேர்ப்பார்கள், விண்ணப்பம் அனுப்புங்கள், பனி விட்டதும் ஆள் வரும் என்றாள். அந்தப் பெண் மேல் கோபப்படவும் வழியில்லை. டவுனில் அரசு வீடு கேட்டு ஆர்லிண்டா கொடுத்த மனுவுக்கு ஏழு வருஷக் காத்திருப்பு. அதில் இரண்டு வருஷம்தான் கழிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கை கேட்டால், நடமாடும் குழந்தைக்குப் படுக்கை கிடையாது என்று போன தடவையே சொல்லியிருந்தார்கள்.

திரும்பி வந்தபோது மேற்கே வானம் ஈயமாக இறங்கியிருந்தது. லீலண்ட் கார்மெலிட்டாவின் மேசையில் உட்கார்ந்திருந்தான். முன்னால் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. அவன் தொடவில்லை.

"ஊர்ல இந்தக் கல்லு இல்லாத வீடு ஒண்ணு சொல்லுங்க" என்றாள் டெல்ஃபின், எல்லோரையும் பார்த்து.

மூன்று பேரும் யோசித்தார்கள். ஒரு வீட்டைச் சொல்வார்கள், நோட்டில் இருக்கும். இன்னொன்றைச் சொல்வார்கள், அதுவும் இருக்கும். சொந்தக்காரர்கள் யாரையும் விட்டுவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்திருந்தார்கள். கல் கிடைக்காத வீடு என்றால் அது உறவில்லாத வீடு. அடுப்பு எரியும் நாலு மாசத்துக்கு ஒரு நோயாளிக் குழந்தையை உறவில்லாத வீட்டில் கொண்டுபோய் விடுகிற வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. அப்படிக் கேட்கவும் ஒரு வீடு முப்பது மைலுக்குள் இல்லை.

"நோட்டைக் குடுங்கக்கா" என்றாள் ஆர்லிண்டா.

ஒன்பது வீடு. அவள் விரல் வைத்து மேலிருந்து கீழே படித்தாள். தன் வீட்டில் ஒரு நொடி நின்றது விரல். பிறகு இன்னும் கீழே போனது.

"இதுல கம்மி இதுதானே? அரை லோடு."

அது எந்த வீடு என்று டெல்ஃபின் சொல்ல வேண்டியிருக்கவில்லை. லீலண்ட் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டான்.

"வரட்டும். நான் அந்தப் பக்க ரூமுல படுத்துக்கறேன். குறட்டை விடுவேன், அதுக்குப் பெட்டி வெச்சு யாரும் இன்னும் அளக்கலை."

யாரும் சிரிக்கவில்லை. ஷாண்டீன் மட்டும் அவனை ஏற இறங்கப் பார்த்து, உங்க வீட்டுல நாய் இருக்கா என்று கேட்டாள். ரெண்டு இருக்கு, ஒண்ணு நல்லது என்றான்.

கார்மெலிட்டா சத்தம் போடாமல் அழுதுகொண்டே குழந்தையின் துணிகளை மடித்தாள். ஆட்டுத்தோலை எடுக்கப் போனவள், பாதியில் நிறுத்தி அதை உதறினாள். உதறியதும் எழும்பிய தூசியைப் பார்த்துவிட்டு அதைத் திரும்பத் தரையிலேயே போட்டுவிட்டாள். டெல்ஃபின் தன் கோட்டைக் கழற்றிக் குழந்தையைச் சுற்றினாள். வெளியே முதல் பனி விழ ஆரம்பித்திருந்தது. லீலண்ட் வண்டியைச் சூடாக்கப் போய்விட்டான்.

ஆர்லிண்டா குழந்தையை முன் இருக்கையில் ஏற்றிவிட்டு, கதவைச் சாத்தாமல் நின்றாள்.

"அண்ணா, அவளைச் சமையல்கட்டுல மட்டும் படுக்க வெச்சிராதீங்க."

"சரிம்மா."

"ராத்திரி குளிரும். அடுப்பு எந்த ரூமுல இருக்கு?"

லீலண்ட் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். துடைப்பான் இரண்டு தடவை போய் வந்தது.

"சமையல்கட்டுல" என்றான்.